தொலைநோக்கி வாங்கிய கதை

முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்தவன் நான். ஒளி விலகல், லென்சு, குவியத் தூரம் என்று கரும்பலகையில் நான் வரைந்த கோடுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்தால் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கே எட்டும். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பின் ஒரு தொலைநோக்கி வாங்கப் போய் ஏமாந்து திரும்பினேன். என்னை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை; என் ஆசையே என்னை ஏமாற்றியது. அந்தக் கதை வேறு எவருக்கேனும் பயன்படலாம் என்று தோன்றுவதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கோடையில் அங்கே கண்ணைக் கூசவைக்கும் வெண்மையைத் தவிர வேறொன்றும் இராது. ஐப்பசி மழை இறங்கி, உப்பு வாருதல் நின்று, பாத்திகளில் நீர் தேங்கிய பிறகோ அந்த நிலத்தின் முகமே மாறிவிடும். பூநாரைகள் நெடுங்கால்களை ஊன்றி நின்று, அலகைத் தலைகீழாக நீரில் அளைந்துகொண்டிருக்கும். உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் வரப்புகளில் வரிசையாய் அமர்ந்திருக்கும். அவற்றினிடையே கொசு உள்ளான் என்று ஒரு சிறு பறவை ஓடித் திரியும். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம்; ஒரு கைப்பிடி அரிசியின் எடைகூட இல்லை. வட துருவத்தை ஒட்டிய குளிர்நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க அது நம் கடற்கரைக்கு வந்து சேர்கிறது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் என் மகன் எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கித் தந்தான். அதன்மேல் 8×42 என்று பொறித்திருந்தது. தொலைவிலுள்ள பொருளை எட்டு மடங்கு நெருக்கிக் காட்டும், முன்பக்க லென்சின் குறுக்களவு 42 மில்லிமீட்டர் என்பது இதன் பொருள். காலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு உப்பளச் சாலைக்குச் சென்றுவிடுவேன். ஓராண்டு வரை அந்தக் கருவியே போதுமாயிருந்தது. பிறகு போதவில்லை. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உறவான டெம்மிங்க் உள்ளானுக்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை. முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை எட்டு மடங்கு நெருக்கினாலும், அது நாற்பது மீட்டருக்கு அருகில் நிற்பதுபோல்தான் தெரியும். அவ்வளவு தூரத்தில் குருவியளவுப் பறவையின் கால் நிறத்தை எப்படிக் காண்பது?

நெருங்கிச் சென்றால் ஒன்று எழும்பும். அதைத் தொடர்ந்து கூட்டமே எழும்பிவிடும். திரும்பிச் செல்லவேண்டிய பல்லாயிரம் கிலோமீட்டர் பயணத்திற்காக இரை தேடிக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் உயிரை, என் ஆவலைத் தீர்த்துக்கொள்வதற்காக விரட்டுகிறோமே என்ற எண்ணம் மனத்தை உறுத்தியது. நின்ற இடத்தில் நின்றபடியே பார்க்க வேண்டுமானால் அதற்குரிய கருவி வேண்டும். பறவை ஆர்வலர்கள் அதனை ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பர். ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. கையில் பிடித்துப் பார்க்க இயலாது, முக்காலித் தாங்கியில் நிறுத்த வேண்டும். வானியல் தொலைநோக்கி உருவத்தைத் தலைகீழாகக் காட்டும். இதில் முப்பட்டகங்கள் அதனை நிமிர்த்தித் தருகின்றன. இந்த ஏற்பாட்டிற்கு 1854-ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ காப்புரிமை பெற்றார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எனினும் அத்தகைய கருவியை அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

கருவி வேண்டும் என்று நான் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லப்போனால் அதுவே முதற்காரணம்.

என் துணைவியார் பிறந்தது நாங்குநேரி வட்டத்தில், கூந்தன்குளத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். மணிமுத்தாற்று நீர் வந்து நிறையும் கூந்தன்குளத்திற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பறவைகள் வரும். கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும். அவை வந்தால் ஊருக்கு நன்மை என்பது மக்களின் நம்பிக்கை. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் அறிவார்கள். 1994-இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவிப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அம்மக்கள் அதனைச் சரணாலயமாகத்தான் காத்து வந்தார்கள். என் துணைவியாருக்கு இவையெல்லாம் பாடமல்ல, பிள்ளைப் பருவம்.

அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கண்நீர் அழுத்த நோய் இருப்பதாக மருத்துவர் கண்டுபிடித்தார். வலி ஏதும் இல்லாமல், பார்வையின் ஓரங்களை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வரும் நோய் அது. சொட்டு மருந்தால் அதன் வேகத்தைத் தடுக்கலாம். இழந்த பார்வையை மீட்க இயலாது. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசி வரை எஞ்சி நிற்கும். அதனோடு மூட்டு வலியும் இருந்தபடியால் வரப்பில் நடந்துசென்று பறவை பார்ப்பதென்பது அவருக்கு இயலாத காரியம்.

ஒருநாள் மாலை, கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு சாய்ந்திருந்தவர் சொன்னார்: “என்னங்க, சின்ன வயதில் குளத்தின் அக்கரையில் வாத்துக் கூட்டம் ஒன்று வரும். தலையில் கோடு போட்டிருக்கும் என்று எங்கள் அப்பா சொல்வார். எனக்கு வெறும் சாம்பல் புள்ளிகளாகத்தான் தெரியும். அந்தக் கோட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.”

அவர் குறிப்பிட்டது வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வரும் பறவை. அதன் வெண்மையான தலையில் இரண்டு கரிய கோடுகள் இருக்கும். அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு நினைவைச் சொன்னார், அவ்வளவுதான். ஆயினும் மறுவாரமே நான் பெருநகரத்துக் கடை ஒன்றிற்குப் புறப்பட்டேன்.

கடையில் பலவகைக் கருவிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றன்மேல் 25–75×60 என்று எழுதியிருந்தது. எழுபத்தைந்து மடங்கு! விலையோ என் ஓய்வூதியத்தில் பாதிக்கும் குறைவு. பக்கத்தில் இருந்த வேறொன்று நாற்பத்தெட்டு மடங்கோடு நின்றுவிட்டது. ஆனால் விலை பல மடங்கு. குறைவாகக் காட்டுவதற்கு அதிக விலையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கடையின் விளக்கொளியில், எதிர்ச் சுவரில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். எழுத்துகள் யானையளவு தெரிந்தன. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் ஊர் திரும்பினேன்.

மறுநாள் விடியற்காலையில் உப்பளச் சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலியில் துணைவியாரை அமர்த்தி, கருவியைப் பூநாரைக் கூட்டத்தை நோக்கித் திருப்பி, எழுபத்தைந்தில் வைத்தேன். ஏதோ இளஞ்சிவப்பு நிறம் இருளில் நடுங்கியது. காற்று வீசியபோது அது காணாமற்போயிற்று. கருவியோடு கொடுத்த முக்காலியோ ஒரு சாண் உயரம். அதை ஒரு கல்லின்மேல் வைத்திருந்தேன். துணைவியார் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “சாவித் துவாரம் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பழக்கம் நமக்கு வேண்டாமே,” என்றார்.

நான் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளை எடுத்து, என் மாணவன் ஒருவனுக்குச் சொல்லித் தருவதுபோல் கணக்குப் போட்டேன். முன் லென்சின் குறுக்களவை மடங்கால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60-ஐ 75-ஆல் வகுத்தால் 0.8 மில்லிமீட்டர். நல்ல பகல் வெளிச்சத்திலேயே நம் கண்மணி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும். அதில் ஊசித்துளையளவு ஒளியை விட்டால் இருட்டாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? எத்தனையோ ஆண்டுகள் தேர்வுத்தாளில் கேட்ட கேள்விக்கு, என் வாழ்க்கையில் தவறான விடை எழுதியிருந்தேன்.

அடுத்த தை மாதத்தில் உறவினர் திருமணம் ஒன்றிற்காக வேதாரண்யம் செல்ல நேர்ந்தது. அருகிலேதான் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். டாக்டர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணங்களை ஆராய்ந்த இடம். அங்கே சென்னையிலிருந்து வந்திருந்த ஆர்வலர் ஒருவர் பெரிய கருவி ஒன்றை நிறுத்தியிருந்தார். அதன் முன் லென்சு 85 மில்லிமீட்டர். நாங்கள் தயங்கி நிற்பதைக் கண்டு, “வாங்கம்மா, பாருங்கள்,” என்று அழைத்தார்.

துணைவியார் வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார். “கழற்ற வேண்டாம்,” என்று சொல்லி, கண்வைக்கும் இடத்திலிருந்த ரப்பர் வளையத்தைத் திருகிக் கீழே இறக்கினார் அந்த அன்பர். துணைவியார் பார்த்தார். “முழு வட்டமும் தெரிகிறதே!” என்றார். அந்தக் குரலில் இருந்த வியப்பை நான் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

அன்றுதான் என் இரண்டாம் தவறு விளங்கிற்று. கண்ணருகு லென்சிலிருந்து கண்ணை எவ்வளவு விலக்கி வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மூக்குக்கண்ணாடி அணியாதவருக்கு அது குறைவாயிருந்தாலும் பாதகமில்லை. அணிபவருக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். 18 இருந்தால் நலம். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கருவியையே திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பார்வைச் சிதறல் குறைபாடு உள்ளவர்களால் அவ்வாறு இயலாது. என் துணைவியாருக்கு அக்குறை உண்டு. நாற்பதாண்டுகள் உடன் வாழ்ந்தும், கடையில் நின்றபோது அவருடைய கண்ணை நான் நினைக்கவில்லை. என் கண்ணை மட்டுமே நினைத்தேன்.

அந்தக் கருவியைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டேன். முக்காலியோடு சேர்த்து ஐந்து கிலோவிற்குக் குறையாது. நூறடி நடப்பதற்குள் தோள் கெஞ்சியது. அந்த அன்பர் நகைத்து, “ஐயா, நான் ஜீப்பில் வருகிறவன். நீங்கள் பேருந்தில் போகிறவர். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், தோளைப் பார்த்து வாங்குங்கள்,” என்றார். நான் கேட்ட உபதேசங்களுள் மிகச் சுருக்கமானது அது.

ஊர் திரும்பியதும் அவசரப்படாமல் யோசிக்கத் தொடங்கினேன். நான் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முன் லென்சு பெரிதானால் ஒளி கூடும். 80 மில்லிமீட்டர் லென்சு 65 மில்லிமீட்டரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளியை வாங்கும்; அந்தி வேளையில் அந்த வேறுபாடு நன்கு தெரியும். ஆனால் எடையும் பருமனும் கூடும். காரில் சென்று ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பவர்க்கு 80 அல்லது 85 ஏற்றது. மலையேறுபவர்க்கும், ஒரே பையோடு ஊர் ஊராகச் செல்பவர்க்கும் 50 போதும். அத்தகைய கருவிகளில் சில அரைக் கிலோவிற்கும் குறைவானவை. இரண்டிற்கும் நடுவே, பேருந்திலும் இரயிலிலும் செல்லும் என் போன்றவர்க்கு 65 பொருத்தம்.

மடங்கைப் பொறுத்தவரை, நம் நாட்டு வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உப்பளத்தின்மேல் கானல் எழும்பிவிடும். அதன்பின் முப்பது மடங்கிற்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணே முக்கியம். பதினாறிலோ இருபதிலோ தொடங்கினால் காட்சி அகலமாயிருக்கும். பறவையைத் தேடிப் பிடிப்பதும் எளிது.

லென்சின் தரம் எப்படிப்பட்டது என்பதை அறிய, வெண்கொக்கு ஒன்றை வானத்தின் பின்னணியில் பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் ஊதா அல்லது பச்சை நிறக் கோடு படர்ந்தால் அது நிறப்பிறழ்ச்சி. ஈடி என்று குறிக்கப்படும் தனிவகைக் கண்ணாடியால் செய்த லென்சு இக்குறையைப் பெரிதும் குறைக்கும். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜப்பானின் கோவா போன்ற நிறுவனங்களின் உயர்தரக் கருவிகள் இதில் பெயர் பெற்றவை. விலையும் இலட்சங்களில் இருக்கும். நடுத்தர விலையிலும் இக்கண்ணாடியுள்ள கருவிகள் கிடைக்கின்றன என்பது என் போன்றோர்க்கு ஆறுதல்.

கண்வைக்கும் குழல் நேராக இருப்பதுண்டு. 45 பாகை சாய்ந்திருப்பதும் உண்டு. நேரானதில் இலக்கைப் பிடிப்பது எளிது. சாய்ந்ததிலோ முக்காலியைத் தாழ்வாக நிறுத்தலாம். காற்றில் ஆட்டம் குறையும். உயரமானவர் குனிந்து பார்க்கலாம், குழந்தை நின்று பார்க்கலாம், நாற்காலியில் அமர்ந்தும் பார்க்கலாம். பலர் பார்க்கும் கருவிக்கு இதுவே சிறந்தது.

முக்காலியைப் பற்றி எவரும் முதலில் நினைப்பதில்லை. நல்ல கருவியை ஆடும் காலில் வைப்பது நல்ல விளக்கைக் காற்றில் வைப்பது போன்றது. அதன் தலைப்பகுதி எண்ணெயிட்டாற்போல் மெல்லத் திரும்பவேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமல் வைக்கவேண்டும். கடற்காற்று பலமாயிருந்தால் நடுவில் ஒரு பையைத் தொங்கவிட வேண்டும். நீர் புகாதபடி அடைத்து, உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பியிருந்தால் லென்சின் உட்புறம் ஆவி படியாது. உப்புக் காற்றில் இருந்துவிட்டு வந்தால், முதலில் தூசியை ஊதி நீக்கிவிட்டுத்தான் லென்சைத் துடைக்க வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் இக்கருவியைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்க்கலாகாது. ஒரு நொடியில் கண் போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முதற்பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின் எனக்கு வேண்டியது எதுவென்று தெளிவாயிற்று: 16–48×65, சாய்ந்த குழல், ஈடி கண்ணாடி, மூக்குக்கண்ணாடிக்குப் போதிய இடம். முன்பு கடையில் பார்த்துச் சிரித்தேனே, நாற்பத்தெட்டோடு நின்றுவிட்ட கருவி, ஏறத்தாழ அதுவேதான்! ஆனால் பணம் இல்லை. முதல் தவறுக்கே ஒரு தொகை போயிருந்தது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று துணைவியாரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து சென்று, அலமாரியிலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சமையலறைக் கூரையைப் பழுது பார்க்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்த பணம்.

“கூரைக்கு என்ன செய்வது?” என்று கேட்டேன்.

“கூரை அடுத்த ஆண்டும் ஒழுகும்; அப்போது பார்த்துக்கொள்ளலாம்,” என்றார்.

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எது அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும், எது காத்திராது என்பது இருவருக்கும் தெரியும்.

மார்கழிக் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த பேரனையும் அழைத்துக்கொண்டு கூந்தன்குளம் சென்றோம். கருவி தோள்பையில் அடங்கியது. முக்காலியைப் பேரன் சுமந்தான். குளக்கரையில், வெயில் முதுகுப்புறம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டு, முக்காலியைத் தாழ்வாக நிறுத்தினேன். அக்கரைச் சேற்றுத் திட்டில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. இருபது மடங்கில் கூட்டத்தைப் பிடித்து, முப்பதிற்கு உயர்த்தி, திருகாணியை இறுக்கிவிட்டு நகர்ந்தேன்.

துணைவியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கை இரண்டும் மடியில் இருந்தன. அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.

“இரண்டு கோடு,” என்றார். “அப்பா ஒரு கோடு என்றுதான் சொல்லியிருந்தார். அவரும் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது.”

அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். துணைவியார் நாற்காலியை விட்டு எழுந்து, “நான் பார்த்துவிட்டேன், இவர்களுக்குக் காட்டுங்கள்,” என்றார். ஒருவன்பின் ஒருவனாய்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு சிறுவன் கருவியில் கண்ணை வைத்தபடியே ஒவ்வொரு பறவையின் பெயரையும் சொல்லிக்கொண்டே போனான். அவற்றில் இரண்டு எனக்கே தெரியாது. பேரன் அவற்றைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். நாங்கள் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் எங்களால் ஒரு பறவையும் எழும்பவில்லை.

எழுபத்தைந்து மடங்குக் கருவி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் மன்றத்திற்குக் கொடுத்துவிட்டேன். அதை இருபத்தைந்தில் வைத்து, உறுதியான முக்காலியில் நிறுத்தி நிலவைப் பார்த்தால் அதன் பள்ளங்கள் அழகாகத் தெரிகின்றன. குறை அதனிடத்தில் இல்லை. அதனிடம் நான் கேட்டதில்தான் இருந்தது.

சமையலறைக் கூரை இந்த ஐப்பசியிலும் ஒழுகியது. பாத்திரங்களை ஏந்தி வைத்திருக்கிறோம். துணைவியாரின் கண்ணில் சென்ற முறை பரிசோதித்ததைவிட ஓரப்பார்வை சிறிது குறைந்திருப்பதாக மருத்துவர் கூறினார், நடுப்பார்வை நன்றாயிருக்கிறது. வாரம் இருமுறை உப்பளச் சாலைக்குச் செல்கிறோம். நாற்காலியை நான் சுமக்கிறேன். கருவிப் பையை வேறு எவரும் தொட அவர் விடுவதில்லை.

அன்பர்களே, உங்களுள் எவரேனும் இத்தகைய கருவி வாங்க எண்ணினால், கடைக்காரரிடம் எத்தனை மடங்கு என்று கேட்குமுன், இதன் வழியாகப் பார்க்கப் போகிறவர் யார் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.